கேப்டவுன் இருளும் பெயர் சொல்லப்படாத குற்றவாளியும்

(தில்லித் தமிழ்த் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

மின்துறைத் தனியார்மயம் பற்றிய இன்றைய அமர்வில் கட்டணக் கணக்குகளையும் சட்டத் திருத்தங்களையும் விளக்க வேறு தோழர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒதுக்கப்பட்ட பகுதி சிறியது. ஒரு நகரம் இருளில் மூழ்கும்போது அந்த இருளுக்கான பழி எந்த வழியாக ஒரு தொழிலாளியின் தலையில் வந்து இறங்குகிறது என்பதைச் சொல்ல வேண்டும். இதற்காக நான் தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொண்டேன். எடுத்துக்காட்டுகள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். தென்னாப்பிரிக்க நிகழ்வில் பழி சொன்னவர் தொழிற்சங்க இயக்கத்திலிருந்து வந்த ஓர் அமைச்சர். ஆகவே அதை நாம் தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்க முடியாது.

கேப்டவுன் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் கடலோரத்தில் கூபர்க் அணுமின் நிலையம் இருக்கிறது. பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தில் கட்டப்பட்ட இரண்டு அலகுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 900 மெகாவாட் திறன் கொண்டவை. 1984, 1985ஆம் ஆண்டுகளில் மின்சாரம் வழங்கத் தொடங்கியவை. அந்த நாட்டின் நிலக்கரி மின்நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை வடகிழக்கில், நிலக்கரி கிடைக்கும் ம்புமலாங்கா மாகாணத்தில் உள்ளன. அங்கிருந்து கேப்டவுனுக்கு மின்சாரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கம்பிவழி வந்தாக வேண்டும். எனவே கூபர்க்கின் ஓர் அலகு நின்றால் மேற்குக் கேப் பகுதி முழுவதும் அந்த நெடுந்தொலைவுத் தடங்களின் தயவில் நிற்கும். இந்த ஏற்பாட்டை எந்தத் தொழிலாளியும் வரையவில்லை என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

2005 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறை. தென்னாப்பிரிக்காவில் அது கோடைகாலம். கடற்கரைகள் நிறைந்திருக்கும் நாள்கள். அன்று கூபர்க் முதல் அலகின் ஜெனரேட்டர் சேதமடைந்து நின்றது. உள்ளே கிடந்த ஒரு மரையாணி, தொழிற்கூடத் தமிழில் சொன்னால் ஒரு போல்ட், காரணமாக இருந்தது. நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் சுழலும் ரோட்டாருக்கும் அதைச் சூழ்ந்து நிற்கும் ஸ்டேட்டருக்கும் இடையே இரும்புத் துண்டு ஒன்று அகப்பட்டால் என்ன ஆகும் என்பதைப் பொறியியல் படிக்காத நானும் ஊகித்துக்கொள்ள முடிகிறது. இரண்டுமே சிதைந்தன. மாற்று ரோட்டார் பிரான்சிலிருந்து கப்பலில் வர வேண்டியதாயிற்று. அந்த அலகு மறுபடியும் மின்சாரம் தந்தது 2006 மே மாதத்தில்தான்.

விடுமுறை நாளிலேயே நகரம் முழுவதும் இருண்டுவிடவில்லை. அடுத்து வந்த வாரங்களில்தான் இருள் வந்தது. பிப்ரவரியில் அனுப்புத் தடங்களில் ஏற்பட்ட கோளாறால் இரண்டாம் அலகும் நின்றபோது, கேப்டவுனும் சுற்றுவட்டாரமும் நிலைகுலைந்தன. போக்குவரத்து விளக்குகள் அணைந்தன, கடைகள் மூடின, முறைவைத்து மின்வெட்டு தொடங்கியது. மின்சாரம் குறைவாகக் கொள்ளும் பல்புகளை அரசு மின்நிறுவனமான எஸ்காம் வீடுவீடாக லட்சக்கணக்கில் இலவசமாக வழங்க நேர்ந்தது.

அதே வேளையில் உள்ளாட்சித் தேர்தல். வாக்குப்பதிவு 2006 மார்ச் 1. அதற்கு முந்தைய நாள், பிப்ரவரி 28 அன்று, பொதுத்துறை நிறுவனங்களுக்கான அமைச்சர் அலெக் எர்வின் செய்தியாளர்களைச் சந்தித்தார். ஜெனரேட்டருக்குள் அந்தப் போல்ட் கிடந்தது விபத்து அல்ல என்றார். மின் நிறுவல்களில் கைவைப்பது மிகக் கொடிய குற்றம் என்றார். மறுநாள் நாளேடுகள் அனைத்திலும் ஒரே சொல்: சபோட்டாஜ். நாசவேலை.

எர்வின் யார்? 1970களின் இறுதியில் கறுப்பினத் தொழிலாளரின் புதிய சங்கங்களை ஒன்றிணைத்த ஃபோசாட்டு கூட்டமைப்பின் பொதுச் செயலாளராக இருந்தவர். உலோகத் தொழிலாளர் சங்கத்தில் கல்விப் பணியைப் பொறுப்பேற்று நடத்தியவர். ஷிஃப்ட் என்றால் என்ன, ஃபோர்மேன் என்றால் என்ன, மேலாளர் எழுதும் அறிக்கையில் தொழிலாளி எப்படிச் சித்திரிக்கப்படுவான் என்பனவற்றை எவரும் அவருக்குக் கற்பிக்கத் தேவையில்லை. அப்படிப்பட்டவர் அந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் பெயர் எதையும் சொல்லவில்லை. இதைப் பெருந்தன்மை என்று கருதிவிடக் கூடாது. பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் குற்றம் சாட்டப்பட்டவன் எழுந்து மறுக்கலாம், வழக்கறிஞரை வைக்கலாம், அன்று தான் பணியில் இல்லை என்று வருகைப் பதிவேட்டைக் காட்டலாம். பெயர் சொல்லாத குற்றச்சாட்டுக்கு மறுப்பே கிடையாது. அந்தப் பராமரிப்பு நாள்களில் அந்த ஜெனரேட்டர் கூடத்துக்குள் போய்வந்த ஒவ்வொரு ஃபிட்டரும், ஒவ்வோர் உதவியாளரும், ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஒவ்வொருவரும் அன்று மாலை தம் வீட்டுத் தொலைக்காட்சியில் ‘அது விபத்து அல்ல’ என்ற செய்தியைக் கேட்டிருப்பார்கள். அக்கம்பக்கத்தார் அவர்களை எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள்? இதற்கு ஆவணம் ஏதும் என்னிடம் இல்லை. ஆவணம் தேவைப்படும் செய்தியும் இல்லை இது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். நான் மொழிபெயர்ப்பாளன்; சொற்களிடம் சற்றுக் கூடுதலாக நின்றுவிடுவது என் தொழிலின் குணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சபோட்டாஜ் என்பதை நம் நாளேடுகள் நாசவேலை என்கின்றன. சிலர் சதிவேலை என்று எழுதுகின்றனர். பிரெஞ்சில் அது மரச்செருப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. தொழிலாளர்கள் மரச்செருப்பை இயந்திரத்தில் எறிந்தார்கள் என்ற கதை பிற்காலத்தில் கட்டிய கதையாகவே தோன்றுகிறது. மரச்செருப்பு அணிந்தவனைப் போல ஒப்பேற்றி வேலை செய்வது என்பதே பழைய பொருள். 1897இல் துலூஸ் நகரில் கூடிய பிரெஞ்சுத் தொழிற்சங்க மாநாடு அதைப் போராட்ட முறைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மார்க்ஸ் இந்த மனநிலையை முன்பே ஆராய்ந்திருந்தார். இயந்திரத்தையும் இயந்திரத்தை மூலதனம் பயன்படுத்தும் முறையையும் வேறுபடுத்திக் காணத் தொழிலாளர்களுக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று ‘மூலதனம்’ முதல் தொகுதியில் லுடைட்டுகளைப் பற்றிப் பேசும் இடத்தில் எழுதுகிறார்.

தென்னாப்பிரிக்காவில் இச்சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு. அங்கே அது விடுதலைப் போராட்டத்தின் சொல். 1961 டிசம்பர் 16 அன்று உம்கொன்டோ வெ சிஸ்வே தன் முதல் தாக்குதல்களைத் தொடங்கியபோது, உயிர்ச்சேதம் கூடாது, அரசுக் கட்டடங்களும் மின் நிறுவல்களுமே இலக்கு என்று முடிவெடுத்திருந்தது. வெள்ளை அரசு 1962இல் நாசவேலைக்கு மரண தண்டனை வரை விதிக்க வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. ரிவோனியா வழக்கில் மண்டேலாவும் தோழர்களும் சுமந்த குற்றச்சாட்டு நாசவேலையே. டர்பன் வட்டாரத்தில் மின்கோபுரங்களைத் தகர்த்த குழுவில் இருந்தவர் ரோனி காஸ்ரில்ஸ். நம் இந்திய வம்சாவளித் தோழரும் தொழிற்சங்கத் தலைவருமான பில்லி நாயர் இதே குற்றத்துக்காக 1964 முதல் 20 ஆண்டுகள் சிறையில் கழித்தார். ராபன் தீவுச் சிறையின் சுண்ணாம்புக்கல் குழியில் இந்தச் சொல்லுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

கூபர்க்கிலேயே உண்மையான நாசவேலை ஒன்று நடந்திருக்கிறது. 1982 டிசம்பரில், அணு எரிபொருள் நிரப்பப்படுவதற்கு முன்பு, அங்கே பணியாற்றிய ரோட்னி வில்கின்சன் என்ற வெள்ளையர் நான்கு வெடிகளை உள்ளே கொண்டுபோய் வைத்தார். ஆளில்லாத வார இறுதியில் வெடிக்குமாறு நேரம் குறித்திருந்தார். ஒருவரும் சாகவில்லை. அவர் பிடிபடவும் இல்லை. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் பொறுப்பேற்றுக்கொண்டது.

இப்போது 2006ஆம் ஆண்டின் அமைச்சரவையைப் பாருங்கள். காஸ்ரில்ஸ் உளவுத்துறை அமைச்சர். எர்வின் பொதுத்துறை அமைச்சர். நாசவேலை என்பது எப்படித் திட்டமிடப்படும், எத்தனை பேரின் ஒத்துழைப்பு வேண்டும், பின்னர் எந்த அமைப்பு அதற்கு உரிமை கோரும் என்பதை உலகில் வேறெந்த அமைச்சரவையையும் விட நன்கறிந்த அமைச்சரவை அது. எந்த அமைப்பும் உரிமை கோராத, எந்தக் கோரிக்கையும் முன்வைக்கப்படாத, ஒரு போல்ட்டைத் தவிர வேறு தடயமில்லாத நிகழ்வைப் பற்றித்தான் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் அந்தப் பேச்சு பேசப்பட்டது.

பிறகு என்ன ஆயிற்று? மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்தது. பராமரிப்பிலும் இயக்கத்திலும் எஸ்காம் காட்டிய கவனக்குறைவை ஆணையத்தின் அறிக்கை குறிப்பிட்டது. நாசவேலை என்று எவர் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஆகஸ்டில் எர்வின், நாசவேலை என்று தாம் சொல்லவே இல்லை என்றார். செய்தியாளர்கள் தம் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள்; நாடே நகைத்தது. தேர்தல் முடிந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன.

இங்கே போல்ட் பற்றி இன்னும் சற்றுப் பேச வேண்டும். ஜெனரேட்டர் போன்ற இயந்திரத்தைத் திறந்து வேலை செய்யும்போது உள்ளே செல்லும் ஒவ்வொரு பொருளும், ஸ்பேனர், திருகாணி, துணி, பையிலுள்ள பேனா உட்பட, பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். வெளியே வரும்போது எண்ணிச் சரிபார்க்கப்பட வேண்டும். கணக்கு நேராகும் வரை மூடக் கூடாது. இது உலகெங்கும் உள்ள நடைமுறை. மனிதக் கை தவறும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு வகுத்த நடைமுறை. ஆகவே போல்ட் உள்ளே தங்கியது என்றால் யாருடைய கையிலிருந்து நழுவியது என்று கேட்பது கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். எண்ணுவதற்கு ஆள் இருந்தாரா? அவருக்கு எவ்வளவு நேரம் தரப்பட்டது? அலகை விரைவாக இயக்கத்துக்குக் கொண்டுவர மேலிருந்து நெருக்கடி இருந்ததா? எஸ்காமின் ஊழியர் எண்ணிக்கை 1980களின் நடுப்பகுதியிலிருந்து 20 ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது என்பதை இந்தக் கேள்விகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. 1998இல் தென்னாப்பிரிக்க அரசு வெளியிட்ட எரிசக்திக் கொள்கை வெள்ளை அறிக்கையே, கையிருப்பு மின்திறன் 2007 வாக்கில் தீர்ந்துவிடும் என்று எச்சரித்திருந்தது. புதிய நிலையங்கள் கட்ட எஸ்காம் அனுமதி கேட்டது. அரசு மறுத்தது. தனியார் வந்து கட்டுவார்கள் என்று காத்திருந்தது. உற்பத்தியில் 30 விழுக்காடு தனியாருக்கு என்று 2001இல் முடிவும் எடுத்தது. தனியார் எவரும் வரவில்லை. எஸ்காமின் கட்டணம் மலிவாக இருந்தது, லாபம் இராது என்பதால் வரவில்லை. 2004இல் தடையை நீக்கியபோது காலம் கடந்திருந்தது. 2008 ஜனவரியில் தங்கச் சுரங்கங்களே மூடப்பட்டன. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2007 டிசம்பரில், குடியரசுத் தலைவர் தாபோ ம்பெக்கி வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்: எஸ்காம் சொன்னது சரி, அரசு செய்தது தவறு என்று. நேர்மையான வாக்குமூலம், அதை மதிக்கிறேன். ஆனால் அது எஸ்காம் நிர்வாகத்தை நோக்கிச் சொல்லப்பட்டது. கூபர்க்கில் ஷிஃப்ட்டில் நின்றவர்களை நோக்கி அப்படி ஒரு வாக்கியம் வந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

தோழர்களே, இதைப் பிறர் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது நமக்கு அழகல்ல. 1928இல் ஷாக்தி நிலக்கரிச் சுரங்கப் பொறியாளர்கள் மீதும், 1933இல் மின்நிலையங்களில் பணிபுரிந்த பொறியாளர்கள் மீதும் மாஸ்கோவில் நாசவேலை வழக்குகள் நடந்தன. பழுதடைந்த இயந்திரமும், அவசரக் கட்டுமானமும், பயிற்சி போதாமையும் அவற்றில் சில மனிதர்களின் துரோகமாக எழுதப்பட்டன. வழக்கு பெரும்பாலும் வாக்குமூலங்களின் மேல் நின்றது. சுற்றி வளைக்கப்பட்ட ஒரு நாட்டின் அச்சம் அதற்குப் பின்னணி என்பதை நான் மறுக்கவில்லை. பின்னணி விளக்கம் ஆகுமே தவிர நியாயம் ஆகாது. அதிகாரத்தில் இருப்பவர் எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும் இந்தச் சொல் கைக்கு எளிதாக வந்துவிடுகிறது.

நாசவேலை கைகொடுக்காதபோது வருவது ‘மனிதத் தவறு’. ஆங்கில அறிக்கைகளில் இத்தொடரைக் காணும்போதெல்லாம் எனக்குத் தயக்கம் உண்டாகிறது. தமிழில் எழுதியவுடன் அதன் பொய் வெளிப்பட்டுவிடுகிறது. எந்த மனிதர் என்று வாசகர் கேட்டுவிடுகிறார். வெள்ளை அறிக்கையை ஒதுக்கி வைத்தவரும் மனிதர்தானே! ஆனால் நடைமுறையில் இத்தொடர் கடைசிப் படியில் நிற்கும் மனிதரை மட்டுமே குறிக்கிறது.

2020 அக்டோபர் 12 அன்று மும்பை இருண்டது. புறநகர் ரயில்கள் நின்றன. இரண்டு நாள் கழித்து மாநில மின்துறை அமைச்சர், நாசவேலைக்கு வாய்ப்பு உண்டு என்றார். சில மாதங்களில் அது சீன இணையத் தாக்குதல் என்ற வடிவம் பெற்றது. 2021 மார்ச்சில் ஒன்றிய மின்துறை அமைச்சர் அதை மறுத்து, மனிதத் தவறு என்றார். அந்நிய ஹேக்கர் அல்லது நம்மூர் ஆபரேட்டர். இந்த இருவருக்கு இடையேதான் விவாதம் நடந்தது. நகருக்கு மின்சாரம் கொண்டுவரும் தடங்கள் ஏன் போதவில்லை, நெருக்கடியில் மும்பையைத் தனித்துப் பிரித்துக் காக்க வேண்டிய ஏற்பாடு ஏன் கைவிட்டது என்பன பின்னிருக்கைக்குப் போயின.

மின்சாரத்தை விட்டுச் சற்று விலகி ஒரு ரயில் விபத்தைச் சொல்ல அனுமதியுங்கள்; ஏனெனில் பழி சுமத்தும் வேகத்தை அது மிகத் தெளிவாகக் காட்டுகிறது. 2024 ஜூன் 17, பக்ரீத் விடுமுறை. மேற்கு வங்கத்தில் ரங்கபாணி அருகே நின்றிருந்த கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறத்தில் சரக்கு ரயில் மோதியது. சரக்கு ரயிலின் ஓட்டுநர் இறந்தார். அன்றே ரயில்வே வாரியத் தலைவர், ஓட்டுநர் சிக்னலை மதிக்கவில்லை என்று தோன்றுவதாகக் கூறினார். இறந்தவர் மறுக்க முடியாது. பிறகு டி.ஏ.912 என்ற படிவம் வெளிவந்தது. அதிகாலையிலிருந்தே தானியங்கி சிக்னல்கள் பழுதாகியிருந்தன. சிவப்பு சிக்னல்களைக் கடந்து செல்லலாம் என்று நிலைய அதிகாரியே எழுத்து மூலம் அனுமதி கொடுத்திருந்தார். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை, பல மட்டங்களில் குறைபாடுகள் இருந்தன, ஓட்டுநர்களுக்கும் நிலைய அதிகாரிகளுக்கும் போதிய விளக்கம் அளிக்கப்படவில்லை, நேர்வதற்குக் காத்திருந்த விபத்து இது என்றது.

தமிழ் படித்தவனுக்கு இவ்விடத்தில் கோவலன் நினைவு வராமல் இராது. பொற்கொல்லன் சொன்னான், மன்னன் ஆராயவில்லை, காவலர் வெட்டினார். கண்ணகியிடம் இன்னொரு சிலம்பு இருந்தது. அதனுள் மாணிக்கம், அரசியின் சிலம்பில் முத்து. உடைத்துக் காட்டியதும் வழக்குத் தீர்ந்தது. அந்தச் சிலம்பு கோவலன் உயிரோடு இருந்தபோதும் மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில்தான் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. டி.ஏ.912 படிவமும் அன்று காலையே ரயில்வேயின் கையில் இருந்தது.

ஆகவே நடைமுறை சார்ந்து இரண்டு சொல்லிவிட்டு முடிக்கிறேன். மின்வெட்டோ விபத்தோ நேர்ந்தால் முதல் நாள் வரும் அமைச்சர் அறிக்கையை நம் பத்திரிகைகள் உடனே மொழிபெயர்த்து வெளியிட்டுவிடுகின்றன. ‘நாசவேலை’, ‘ஊழியரின் தவறு’ என்னும் சொற்கள் வந்தால், யார் சொன்னது என்பதைச் சேர்த்தே அச்சிட வேண்டும். நம் சொந்த வாக்கியமாக எழுதிவிடக் கூடாது. பழி சுமத்தப்பட்டவரின் சங்கத்திடம் கேட்காமல் செய்தியை முடிக்கவும் கூடாது.

மற்றொன்று பதிவேடுகள். துணைமின்நிலையத்தில் லைன் கிளியர் கொடுத்த நேரம், யார் கேட்டார், யார் கொடுத்தார், அன்று எத்தனை பணியிடம் காலி என்பனவெல்லாம் நிர்வாகத்தின் அலமாரியில் மட்டும் கிடக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரோ பல இடங்களில் அந்தப் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. விபத்து நடந்தபின் பழி எழுதும்போதுதான் முதன்முறையாக ஏறுகிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் சங்க ஒப்பந்தங்களின் வழியாகவும் இவற்றின் நகல்களை முன்கூட்டியே பெறுவது எப்படி என்பதை மின் ஊழியர் தோழர்கள் பிற்பகல் அமர்வில் விளக்குவார்கள். கூபர்க் தொடர்பாக நான் மொழிபெயர்த்து வைத்துள்ள பக்கங்கள் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.